பூத் கதவில் ஒரு தாள்

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. ஓட்டுப்பதிவு காலை 7 மணிக்கு என்றாலும், வாக்குச்சாவடிக்குள் ஐந்தரைக்கே வேலை தொடங்கிவிடும். வேட்பாளர்களின் பூத் ஏஜென்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். எல்லா வேட்பாளருக்கும் விழ வேண்டும், நோட்டாவுக்கும் விழ வேண்டும். கண்ட்ரோல் யூனிட் காட்டும் கணக்கும் விவிபாட் சீட்டுகளும் ஒத்துப்போனால், அந்த ஓட்டுகளை அழித்துவிட்டு, சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவார்கள். இயந்திரத்தில் பூஜ்யம் தெரிவதை ஏஜென்டுகள் பார்த்த பிறகுதான் சீல்.

அந்த நேரத்தில் ஏஜென்ட் வந்து சேரவில்லையென்றால், சற்றுக் காத்திருந்துவிட்டுத் தலைமை அலுவலர் வேலையை ஆரம்பித்துவிடலாம். பிரசாரத்துக்குப் பணத்தைக் கொட்டும் கட்சிகள் இந்த ஒரு ஆளைப் பழக்கி, நேரத்துக்கு அனுப்புவதில் காட்டும் மெத்தனம் எனக்குப் பெரும் வருத்தம்.

மாலையில் நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். கடைசியில் நிற்பவரிடம் தொடங்கி முன்னோக்கி வருவதுதான் முறை. அதற்குப் பிறகு ஓடி வருகிறவர் நுழைய முடியாது. டோக்கன் வாங்கியவர் எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

பிறகு 17சி படிவம். அந்தப் பூத்தில் பதிவான மொத்த ஓட்டு, இயந்திரங்களின் எண்கள் எல்லாம் அதில் ஏறும். அங்கே இருக்கும் ஏஜென்டுகளுக்குச் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்கிறது தேர்தல் விதி 49எஸ். எண்ணிக்கை அன்று மேசைக்கு வரும் இயந்திரம் அதே மொத்தத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்க்க அந்த நகல்தான் ஆதாரம். அதை வாங்காமல் வீட்டுக்குப் போகிற ஏஜென்ட், தன் வேட்பாளரை மட்டுமல்ல, அந்த வார்டு மக்களையும் கைவிடுகிறார்.

ஏஜென்டுக்குக் கிடைக்கும் இந்தக் கணக்கு ஓட்டுப் போட்டவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? 2024 மே மாதம் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏஜென்டுகளைத் தவிர மற்றவர்களுக்கு 17சி தரச் சட்டத்தில் இடமில்லை என்றது தேர்தல் ஆணையம். தேர்தல் நடுவே இடைக்கால உத்தரவு தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுநாளே ஆணையம், அதுவரை முடிந்திருந்த கட்டங்களில் தொகுதிவாரியாகப் பதிவான ஓட்டு எண்ணிக்கையை வெளியிட்டது. தொகுதிக் கணக்கைத் தர முடிந்தவர்கள் பூத் கணக்கையும் தர முடியும். ஓட்டுப்பதிவு அன்று இரவே 17சி நகல் ஒன்றைப் பூத் கதவில் ஒட்டச் சொல்லி விதியைத் திருத்த வேண்டும்.