வீடு கெடச்சாச்சு... வேலை எங்கே? குடிசை மாற்றத்தில் 'தூரம்' ஏன் முக்கியம்?

ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவரா நீங்கள்? உங்கள் அலுவலகத்தைத் தினமும் சுத்தம் செய்பவர் கண்ணகி நகரிலிருந்தோ செம்மஞ்சேரியிலிருந்தோ வருபவராக இருக்கலாம். அங்கே வசிக்கும் பலருக்கு அது பிறந்து வளர்ந்த ஊர் அல்ல. கூவம் கரையிலும் கடலோரக் குப்பங்களிலும் இருந்து மாற்றப்பட்டவர்கள் அவர்கள்.

எப்போது தொடங்கியது?

1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவானபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் முக்கிய வேலை. 2000 வாக்கில் பாதை மாறியது. முதலில் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அடுத்து 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் பெரும்பாக்கம். 2021-ல் வாரியத்தின் பெயர்கூட 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாறியது.

ஏன் இவ்வளவு தூரம்?

காரணம் சிம்பிள். நகருக்குள் நிலத்தின் விலை எக்கச்சக்கம். புறநகரில் மொத்தமாக இடம் கிடைத்தது.

கான்கிரீட் வீடுதானே, நல்லதுதானே?

வீடு நல்லதுதான். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். முன்பு நடந்தே போனவர், இப்போது பெரும்பாக்கத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். காசு மிச்சம், சரி. போக வர ஆகும் நேரத்தை யார் தருவது? 'கட்டுப்படி ஆகலை' என்று வேலையை விடுபவர்களும், பழைய இடத்தின் பக்கத்திலேயே வாடகைக்குத் திரும்புபவர்களும் உண்டு. கல்வியாண்டின் நடுவில் மாற்றினால் பிள்ளைகளின் படிப்பும் அடிபடுகிறது.

சுற்றுச்சூழலுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. நடந்து போன பயணம் பஸ், பைக், ஷேர் ஆட்டோ என மாறினால் நெரிசலும் புகையும் கூடும். அதோடு, 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து மாற்றப்பட்ட பல குடும்பங்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டியது. பெருமழை வந்தால் அங்கும் தண்ணீர் தேங்குகிறது. வெள்ளத்துக்குப் பயந்து இடம் மாற்றி, மறுபடி தண்ணீர் பக்கமே குடிவைத்த கதை இது. அந்தச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே கட்டித் தருவது. ஆற்றின் விளிம்பு போல ஆபத்தான இடமென்றால், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் சின்னச் சின்னக் குடியிருப்புகளாகப் பிரித்துக் கட்டுவது. சாவியைக் கொடுக்கும் முன்பே பள்ளி, ரேஷன் கடை, பேருந்து மூன்றும் தயாராக இருப்பது. செலவு கூடும்தான். இப்போது அந்தச் செலவை அந்தக் குடும்பங்கள்தான் தினமும் நேரமாகவும் கூலியாகவும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

'இத்தனை ஆயிரம் வீடுகள் ஒதுக்கீடு' என்று அடுத்த முறை செய்தி வந்தால், எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். 'எங்கே?' என்றும் கேளுங்கள்.