கதை சென்ற வழியே நாமும் செல்வோம்

இளமையில் விரும்பிப் படித்த நூல் நம்மை விட்டு எளிதில் நீங்குவதில்லை. அதில் வரும் கடற்கரையும் காடும் கோட்டையும் உள்ளத்தில் ஓர் ஊராகவே நிலைத்துவிடுகின்றன. அவ்வூரை நேரிற் காணவேண்டும் என்ற ஆவல் எழுவதும் இயல்பே. 'பொன்னியின் செல்வன்' படித்த தமிழகத்தார் வீராணம் ஏரியையும் கோடிக்கரையையும் தேடிச் செல்கின்றனர். கல்முனைக் கரையில் வாழும் நாம் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. கதையே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்திருக்கிறது.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்நாவலின் இரண்டாம் பாகத்தில், பூங்குழலி வந்தியத்தேவனைப் படகேற்றி இக்கரை சேர்க்கிறாள். பின்னர் மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம் எனக் கதை விரைகின்றது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியாகத் தம்புள்ளைக்கும், அங்கிருந்து அநுராதபுரத்துக்கும், ஈற்றில் மன்னாருக்கும் சென்றால், அவன் போன இடங்களை நாமும் கண்டவர்களாவோம். மூன்று நாட்கள் போதும்.

இவ்வழி எந்நாளும் திறந்திருந்ததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், ஒரு தலைமுறையே மாதோட்டத்தைப் புத்தகத்தில் மட்டும் கண்டு வளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் வீடுகளோடு அவற்றிலிருந்த புத்தகங்களும் போயின. அன்று படித்தவர்க்கு வழியில்லை. இன்று வழியிருக்கிறது, படிப்பார் குறைந்து வருகின்றனர். இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் கடமை பெற்றோருடையதும் ஆசிரியருடையதுமாகும்.

எங்ஙனம் திட்டமிடுவது? புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே, இரவு உணவின் பின் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வீட்டில் உரக்கப் படிக்கலாம். ஊர்ப் பெயர் வருந்தோறும் பிள்ளைகள் தேசப்படத்திற் புள்ளியிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடத்தை ஒப்படைத்தால், அங்கே சேர்ந்ததும் அப்பிள்ளையே வழிகாட்டியாகும். மாரிமழையும் வெள்ளமும் வரும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களைத் தவிர்ப்பது நன்று.

ஒரு குறிப்பேடும் வேண்டும். ஒரு பக்கத்தில் நூல் சொன்னதையும் மறுபக்கத்திற் கண் கண்டதையும் எழுதட்டும். கதை வேறு, வரலாறு வேறு என்பதைக் கற்பிக்க இதனினும் சிறந்த வழி இல்லை. பூங்குழலி கல்கியின் கற்பனை. ஆனால் கதையின் அருள்மொழிவர்மர் இராசராச சோழராய் முடிசூடியபின் சோழர் ஆட்சி ஈழத்திற் பரவியது மெய். பொலன்னறுவையில் அக்காலத்துச் சிவாலயம் ஒன்று இன்றும் கல்லிலே நிற்கின்றது. 1070ஆம் ஆண்டில் விசயபாகு மன்னன் அந்நகரை மீட்டான். அதன் பின்னரும் அங்கே தமிழ்ப் படையினர் இருந்தனர். பௌத்தரின் புனித தந்தம் வைக்கப்பட்ட ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்னும் படையினர் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டொன்று அந்நகரிலேயே கூறுகின்றது. இதனைக் காணும் மாணவன், நாட்டின் வரலாறு வெறும் பகை வரலாறன்று என்பதைத் தானே உணர்வான்.

அராபியக் கதைகளை விரும்பும் பிள்ளைகளுக்கு வேறொரு வழி உண்டு. சிந்துபாத் கண்டு வியந்த செரந்தீப் நம் இலங்கையே. சிந்துபாத் கதைமாந்தன், இப்னு பதூதாவோ மெய்யாகவே வந்தவர். 1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையில் இறங்கிய அவர், ஆதம் நபியின் பாதச் சுவடு உள்ளதென நம்பப்படும் மலையைத் தரிசிக்க விரும்பினார். அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி தமிழ் மன்னர். பாரசீக மொழி அறிந்தவர். அவர் பல்லக்குக் கொடுத்து, யோகியரையும் அந்தணரையும் துணைக்கு அனுப்பியதை இப்னு பதூதாவின் பயண நூல் சொல்கின்றது. முஸ்லிம் யாத்திரிகருக்கு இந்து மன்னர் வழித்துணை தந்த அம்மலையைப் பௌத்தர் ஸ்ரீபாத என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும் போற்றுகின்றனர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அங்கே யாத்திரைக் காலம்.

நெடும்பயணத்துக்குப் பொருள் வசதி போதாதோர் அண்மையிலேயே தொடங்கலாம். பாடநூலில் விபுலாநந்த அடிகளின் பாடலைப் படித்த பிள்ளை, 1892இல் அவர் பிறந்த காரைதீவைக் காணட்டும். பின்னர் அவர் சமாதி கொண்ட கல்லடிக்குச் சென்று, நிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களுக்குச் செவி கொடுக்கட்டும். பஸ் கட்டணமும் ஒரு பொதி சோறுமே இதற்குச் செலவு.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். நம் கரையோரத்தில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் கற்கின்றனர். அப்பா அம்மாவும் வாப்பா உம்மாவும் கலந்து பேசி, இரு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் அனுப்பலாமே! வந்தியத்தேவன் கதையை ஒருவனும், இப்னு பதூதாவின் செய்தியை மற்றவனும் சொல்லிக்கொண்டு போகட்டும். இருவரும் படிப்பது ஒரே தமிழில் அல்லவா? வரும் விடுமுறைக்கு இன்றே ஒரு நூலைத் தேர்ந்தெடுப்போமாக.