காற்றில்லாத இடத்தில் நடக்கும் சோப்புத் தொழில்



பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் மூட்டை மூட்டையாக விற்றவர்கள் நாம். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். எண்ணெய்ப் பிசுக்கு போகும். அவற்றிலுள்ள சப்போனின் என்ற பொருளே காரணம். அதன் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும். மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். ஒட்டாத இருவரைச் சேர்த்து வைக்கும் தரகரைப் போன்றது அது.

இதே தரகு வேலையைப் பாக்டீரியாக்களும் செய்கின்றன. மண்ணில் வாழும் 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற பாக்டீரியா 'சர்பாக்டின்' என்ற பொருளைத் தருவதை 1968-ல் ஜப்பானியர் வெளியிட்டனர். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை 72 என்ற அளவிலிருந்து 27-க்கு இறக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

இவ்வினத்தில் சில, காற்றுப் புகாத இடத்திலும் இவ்வேலையைச் செய்கின்றன. ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட் உப்பைக் கொண்டு அவை உயிர்வாழும். இதனால் இரண்டு லாபம். முதலாவது, எண்ணெய்க் கிணறு. பாறையில் உள்ள கச்சா எண்ணெயில் பாதிக்கு மேல் வழக்கமான முறையில் வெளியே வருவதில்லை. காற்றில்லாத அந்த ஆழத்தில் பாக்டீரியாவே சோப்புச் செய்து பாறையைக் கழுவித் தரும். ஓ.என்.ஜி.சி.யும் டெரி நிறுவனமும் நம் நாட்டுக் கிணறுகளில் பாக்டீரியாவைக் கொண்டு எண்ணெய் எடுக்கும் முறையைக் கையாண்டுள்ளன. இரண்டாவது, ஆலை. தொட்டிக்குள் காற்றை ஊதி வளர்த்தால் நுரை பொங்கி வழிந்து நஷ்டம். காற்று வேண்டாத பாக்டீரியாவுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் விளைச்சலும் குறைவு.

நமக்கென்ன என்று கேட்கலாம். நாம் விற்கும் சலவைத்தூளின் முக்கியச் சரக்கு மண்ணெண்ணெய் வழி வருவது. சென்னை மணலியிலும் தயாராகிறது. ஓடும் தண்ணீரில் அது சிதைந்துவிடும்; காற்றில்லாத சேற்றில் எளிதில் சிதையாது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வாய்க்கால்களில் துவைக்கும் அழுக்குநீர் முல்லைப் பெரியாற்றில் சேர்ந்து, வைகை அணைக்கே போகிறது. நம் பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

பாக்டீரியா தரும் 'ராம்னோலிப்பிட்' சேர்த்த பாத்திரம் கழுவும் திரவத்தை யூனிலீவர் 2019-ல் சிலி நாட்டில் விற்பனைக்கு விட்டது. அதற்கான பெரிய ஆலையை எவோனிக் நிறுவனம் 2024-ல் சுலோவாக்கியாவில் திறந்தது. நாளை நம் கடைக்கும் சரக்கு வரும்.

அப்போது எச்சரிக்கை தேவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனைப் பிரதிநிதி 'முழுக்க இயற்கை' என்று சொன்னதை நம்பி நாம் பத்துப் பெட்டி சலவைத்தூள் இறக்கினோம். என்ன இயற்கைப் பொருள் என்று வாடிக்கையாளர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை, உறையிலும் இல்லை. பாதிச் சரக்கு திரும்பி வந்தது. பணம் போனதைவிட, பழைய வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கக் கூசியதே பெரிது.

ஆகவே, 'இயற்கை' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். சேர்மானத்தைக் கேளுங்கள், மத்திய அரசு 1991-ல் கொண்டுவந்த மண்பானைச் சின்னமான ஈகோமார்க் உண்டா என்று பாருங்கள். தெரிந்து விற்பதே நாணயம்.