அப்பாவின் பென்ஸ் வண்டி

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஒற்றை லாரியில் தொடங்கித்தான் தலையெடுத்தன. காட்டை அடகு வைத்து வாங்கிய வண்டி. தவணை அடையும்வரை அப்பாவே டிரைவர், மச்சான் கிளீனர். பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் அதன் வாடகையில் நடந்தன. அப்படி உழைத்த வண்டியை எடைக்குப் போட மனம் வராமல், அப்பாவின் நினைவாகப் புதுப்பிக்க நினைக்கும் பிள்ளைகளை நான் மனதாரப் பாராட்டுவேன்.

பெட்ஃபோர்டும் ஃபார்கோவும் ஓடின என்றாலும், அந்தத் தலைமுறை பெரிதும் நம்பியது எண்ணூர் லேலண்டையும் ஜாம்ஷெட்பூர் பென்ஸையும்தான். டாட்டாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து 1954-ல் லாரி கட்டத் தொடங்கியது. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969-ல் முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் டாட்டா முத்திரை வந்தது. நம் டிரைவர்களுக்கு அதன் பிறகும் அது ‘பென்ஸ் வண்டி’தான்.

அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து சேஸும் இன்ஜினும் முகப்பும்தான் வரும். கேபினும் பாடியும் நம் ஊர்ப் பட்டறைகளில் ஆசாரிகள் மரத்தில் இழைத்தவை. இன்றைய பட்டறைகள் இரும்புக்கு மாறிவிட்டன. ஆகவே மரக் கேபின் கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்; பிஸ்டனையும் லைனரையும் பிறகு தேடிக்கொள்ளலாம். பழைய கேபினைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து, அளவு குறித்துவையுங்கள். நெற்றியில் எழுதிய குலசாமி பெயர், கதவோரம் அப்பாவின் பெயர், எழுத்தின் வளைவு எல்லாம் அதில் அடங்கும். சேஸைத் துருநீக்கி, ரிவிட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடமே பலவீனமாகும்.

மேம்படுத்துவதில் என் கட்சி இதுதான்: உயிர் காப்பதை மாற்றலாம், முகத்தை மாற்றக் கூடாது. ஒரு லைன் போனாலும் மறு லைன் பிடிக்கும் இரட்டை பிரேக் ஏற்பாடு அவசியம். பவர் ஸ்டியரிங் போட்டால், அப்பா தோள் வலிக்கத் திருப்பிய வண்டியைப் பேத்தியும் ஓட்டுவாள். மெதுவாக ஓடும்போது சரியாக சார்ஜ் ஏற்றாத டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கலாம். ஆனால் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புது இன்ஜின் இறக்காதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீட்டில் உலை வைத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்ற விடாது. எந்த மாற்றத்துக்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கானது. ஜமீன்தார் வீட்டுக் காருக்கு அதில் இடம் உண்டு. நெல்லும் சிமென்ட்டும் சுமந்த லாரிக்கு இல்லை. வாடகைக்கு ஓட்டாமல் நினைவுக்காக மட்டும் வைத்திருக்கும் பழைய லாரிகளையும் அந்த விதியில் சேர்க்க வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை மத்திய அரசிடம் எழுப்ப வேண்டும்.