வெள்ளணுவுக்குள் ஒரு தீ

காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து, வீங்கி, சீழ் கோக்கிறது. அந்தச் சீழைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அதில் கிடப்பவையோ நமக்காக உயிர்விட்ட எண்ணற்ற வெள்ளணுக்கள். சீழின் பச்சை நிறம்கூட அவற்றுக்குள் இருக்கும் மயலோபெராக்சிடேஸ் என்ற பச்சைநிறப் புரதத்தால் வருவது. அந்த அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை அறிந்துவிட்டால், படைத்தவனை நினைத்துக் கைகூப்பாமல் இருக்க முடியாது.

1882ஆம் ஆண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற கடலோர ஊர். ரஷ்யாவிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர், வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த வேளையில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தவை நட்சத்திர மீனின் இளம் உயிரிகள். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் உடல் அவற்றுக்கு. திடீரென்று ஓர் எண்ணம் எழ, தோட்டத்துக்குப் போய் ரோஜா முள் சிலவற்றைக் கொண்டுவந்து, அந்த உயிரியின் தோலுக்கடியில் செருகிவைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் திரண்டு நின்று அதை விழுங்கப் பார்த்தன. மூளையோ இரத்தக்குழாய்களோ இல்லாத அந்தச் சிற்றுயிருக்கும் காவல் உண்டு என்று அன்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலில் அந்தக் காவலின் முதல் வரிசையில் நிற்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைப் பிறப்பிக்கிறது. நாம் சாப்பிடும்போதும், சண்டை போடும்போதும், உறங்கும்போதும் அந்த வேலை நிற்பதில்லை. கிருமி நுழைந்த இடத்துக்கு மோப்பம் பிடித்து வரும் இந்த அணு, கிருமியைத் தன் உடலுக்குள் ஒரு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. உடனே அது உள்ளிழுக்கும் ஆக்சிஜன் பல மடங்கு கூடுகிறது. மூச்சுவிடவே இவ்வளவு ஆக்சிஜன் என்று முதலில் எண்ணினார்கள். உண்மையில் அந்த ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக மாற்றி, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு செய்து, அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் வரை காய்ச்சி எடுத்துவிடுகிறது இந்த அணு. குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும்போது கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். மனிதன் தொழிற்சாலை கட்டிச் செய்ததைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு மௌனமாகச் செய்துகொண்டிருக்கிறது.

என்னை இன்னும் வியக்க வைப்பது அந்தத் தீ அடக்கிவைக்கப்பட்டிருக்கும் விதம். இவ்வளவு கடுமையான பொருள் எந்நேரமும் சுரந்தால் நம் சதையே வெந்துபோகும். ஆகவே அதைத் தயாரிக்கும் நொதியின் உறுப்புகள் பிரித்தே வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு புரதங்கள் சவ்வில் பதிந்திருக்கும். மற்றவை அணுவின் உள்ளே தனியே மிதக்கும். சிவகாசித் தீக்குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் என்று பிரித்து வைத்து, உரசினால் மட்டும் பற்றும்படி செய்திருக்கிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடு. கிருமி உள்ளே வந்த கணத்தில் எல்லாம் ஒன்றுகூடுகின்றன, தீ பற்றுகிறது.

இந்த நொதியின் ஒரே ஓர் உறுப்பு பிறவியிலேயே பழுதாக இருந்தால் வருவதுதான் க்ரானிக் கிரானுலோமட்டஸ் டிசீஸ், சுருக்கமாக சி.ஜி.டி. சுமார் இரண்டு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் அரிய நோய். வெள்ளணுக்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கும், ஓடிவரும், கிருமியை விழுங்கவும் செய்யும். ஆனால் தீ மூளாது. விழுங்கப்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் அந்த அணுவுக்குள்ளேயே பத்திரமாக வாழும். கழுத்தில் நெறிகட்டிப் பழுக்கும், கல்லீரலில் சீழ்க்கட்டி வரும், நிமோனியா திரும்பத் திரும்ப வரும். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் இந்தத் தீயே வேலை முடிந்தபின் அழற்சியை அணைக்கவும் துணைநிற்கிறது. தீ இல்லாத உடலில் அழற்சி ஓய்வதில்லை. அணுக்கள் குவிந்து கட்டிகளாகத் தங்கிவிடுகின்றன. நோய்க்குப் பெயர் கொடுத்த கிரானுலோமா அதுதான்.

1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மருத்துவர்கள் இதை விவரித்தபோது, நோயின் பெயரிலேயே மரணத்தைச் சேர்த்து எழுதினார்கள். அன்று அதுதான் நிலைமை. 1986இல் இதற்குக் காரணமான முக்கிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் கண்டெடுக்கப்பட்டது. இன்று இந்தப் பிள்ளைகள் பலர் வளர்ந்து பெரியவர்களாகி, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். அதற்குப் பெரும் காரணம், ஒரு நாளும் தவறாமல் எடுத்துக்கொள்ளும் சில மருந்துகள்.

முதலாவது கோட்ரைமாக்சசோல். நம் ஊர் மருந்துக்கடைகளில் செப்ட்ரான் என்று பழகிய மாத்திரை. எளிய மருந்துதான், ஆனால் அது வேலை செய்யும் விதத்தில் படைப்பின் ஒரு நுண்மை ஒளிந்திருக்கிறது. ஃபோலிக் அமிலம் நமக்கும் வேண்டும், கிருமிக்கும் வேண்டும். நாம் அதைக் கீரையிலிருந்தும் பயறிலிருந்தும் பெறுகிறோம். பெரும்பாலான பாக்டீரியாக்களோ தாமே செய்துகொள்ள வேண்டும். அந்தச் செய்முறையின் அடுத்தடுத்த இரண்டு படிகளை இம்மருந்தின் இரு பாகங்களும் அடைக்கின்றன. மனிதனுக்கும் கிருமிக்கும் இடையே இப்படி ஒரு வேறுபாடு வைக்கப்பட்டிருந்ததால்தான், ஒருவரைக் காத்து மற்றொன்றை வீழ்த்த முடிகிறது. போதாக்குறைக்கு இம்மருந்து வெள்ளணுவுக்குள்ளும் புகுகிறது. கிருமி ஒளிந்திருக்கும் இடமே அதுதானே!

இதை எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். குழந்தையின் எடையைப் பொறுத்தே அளவு தீர்மானிக்கப்படுவதால், போன வருட அளவு இந்த வருடம் போதாமல் போகலாம். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் எடை பார்த்து, அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிரப் என்றால் நன்றாகக் குலுக்கி, அதனுடன் வரும் அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுக்க வேண்டும். அடுக்களைக் கரண்டி வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே கேட்டுச் செய்துகொள்வது நல்லது. உடம்பில் தடிப்பு, வாயில் புண், தோல் உரிதல், கண் சிவத்தல் என்று எது தென்பட்டாலும் அடுத்த வேளை மருந்து கொடுப்பதற்குள் மருத்துவரை அழையுங்கள். இம்மருந்தில் உள்ள சல்ஃபாவால் வரும் ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாவது, பூஞ்சைக்கு எதிரான இட்ராகோனசோல். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். சி.ஜி.டி. உள்ள 39 பேர் சில காலம் இட்ராகோனசோலும் சில காலம் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் எடுத்துக்கொண்டார்கள். வெற்று மாத்திரைக் காலத்தில் ஏழு பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று வந்தது. மருந்துக் காலத்தில் ஒரே ஒருவருக்கு வந்தது. அந்த ஒருவரும் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர். எத்தனை அறிவுரை சொன்னாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. சி.ஜி.டி. உள்ள ஒரு பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்தால், இந்த வரியை அந்தப் பிள்ளைக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.

இட்ராகோனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் எடுக்க வேண்டும். அது கரைய வயிற்றின் அமிலம் தேவை. அதனால் நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஒமெப்ரசோலும், வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கும் ஜெலூசிலும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். அதே மருந்து திரவ வடிவில் இருந்தால் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ஒன்று கிடைக்கவில்லை என்று மற்றொன்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். தேவைப்பட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மற்ற மருந்துகளோடு இது மோதுவது. வாந்தி என்றவுடன் சீட்டில்லாமல் வாங்கும் டோம்பெரிடோன், இட்ராகோனசோலுடன் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாடின் கூடவே கூடாது. சில ஸ்டீராய்டு மருந்துகள், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புடசோனைடு உட்பட, உடலில் தேங்கிப்போகும். ஆகவே வீட்டில் ஒரு தாளில் எல்லா மருந்தின் பெயரையும் எழுதி வைத்து, பல் மருத்துவர் உட்பட யாரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கால் வீக்கம், மூச்சுவாங்கல் தென்பட்டால் தாமதம் வேண்டாம்.

மூன்றாவது, இன்டர்ஃபெரான் காமா. நம் உடலே சுரக்கும் சேதிப்புரதம் இது. ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவைக் கொண்டே தயாரிக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவில் சி.ஜி.டி.க்கு அனுமதி பெற்றது. 128 பேர் கலந்துகொண்ட ஆய்வில், ஊசி போட்டவர்கள் 63 பேரில் 14 பேருக்கும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட 65 பேரில் 30 பேருக்கும் கடுந்தொற்று வந்தது. வியப்பு என்னவென்றால், மூளாமல் கிடக்கும் அந்தத் தீ இதனால் மூண்டுவிடவில்லை. வேறேதோ வழியில் காவல் பலப்பட்டது. இந்த உடலுக்குள் எத்தனை வழிகளை வைத்திருக்கிறான் அவன்!

வாரம் மூன்று முறை தோலுக்கடியில் போடும் ஊசி இது. குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது, குலுக்கக் கூடாது. வெளியில் மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்த குப்பியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட வேண்டும். மின்வெட்டு நீளும் ஊர்களில் இதற்கு மாற்று ஏற்பாடு அவசியம். ஊசி போட்ட இரவில் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். அதனால் படுக்கப்போகும் நேரத்தில் போடுவார்கள். ஆனால் மறுநாளும் காய்ச்சல் நீடித்தால் ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். இந்த நோயில் எந்தக் காய்ச்சலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய காய்ச்சல். விலை அதிகம் என்பதால் நம் நாட்டில் பலர் முதல் இரண்டு மருந்துகளோடுதான் காலம் தள்ளுகிறார்கள். பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்தால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நோயை அடியோடு நீக்கக்கூடும். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை, ஒருமுறை சிகிச்சையால் தீரும் நோய்களின் முதல் பிரிவில் சி.ஜி.டி.யைச் சேர்த்திருக்கிறது.

ஒரு வேளை மருந்து மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை நன்றாக ஓடியாடுகிறான் என்று நிறுத்துவதுதான் பெரும் தவறு. அவன் ஓடியாடுவதே அந்த மாத்திரையால்.

மருந்து எவ்வளவு எடுத்தாலும் ஒரேயடியாக மூச்சோடு உள்ளே போகும் பூஞ்சை வித்துகளை அது தாங்காது. வைக்கோல் போர், எருக்குழி, மக்கிய இலைக் குவியல், தென்னை நார்க் கழிவு, இடிக்கும் பழைய சுவர் ஆகியவற்றின் பக்கம் இந்தப் பிள்ளைகளை விடக் கூடாது. கிராமத்தில் இது கடினம் என்று அறிவேன். ஆனாலும் அறுவடை முடிந்து போர் போடும் நாட்களிலாவது வேறு வீட்டில் வைத்திருங்கள்.

நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. சி.ஜி.டி. உள்ள குழந்தைக்கு அது ஆகாது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையில் தாய்மார் பெரும்பாலும் நலமாக இருப்பார்கள், ஆண் குழந்தைகள் பாதிக்கப்படுவார்கள். ஆகவே உங்கள் தாய்வழியில் மாமாவோ, அண்ணன் தம்பியோ சிறுவயதில் தீராத சீழ்க்கட்டிகளாலும் நிமோனியாவாலும் இறந்திருந்தால், பிறக்கப்போகும் குழந்தைக்குப் பிசிஜி போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளணுவுக்குள் அந்தத் தீ மூள்கிறதா இல்லையா என்பதை ஒரு சிறு இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.