சோற்றைக் குறைப்பது சுலபம், குறைத்தபடியே இருப்பதுதான் கஷ்டம்



மூணாவது செமஸ்டர்ல ஒரு மெடிக்கல் கேம்ப். "ஃப்ரீதானே, கொடுத்துட்டு வரலாம்"னு ரத்தம் கொடுத்துட்டு வந்தேன். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. ஹெச்பிஏ1சி 6.0. கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரி சர்க்கரை அளவைக் காட்டுற எண் இது. 5.7-க்குக் கீழ இருந்தா இயல்பு. 6.5-ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். நடுவுல இருக்கிறது முன்நீரிழிவு, அதாவது வாசல் வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம். அப்போ எனக்கு வயசு 19.

வேற யாராவதா இருந்தா அந்தப் பேப்பரை மடிச்சு வச்சிருப்பாங்க. எனக்கு முடியல. எங்க அப்பாவுக்கு 15 வருஷமா சுகர். அந்த வருஷம்தான் அவரோட வலது கால் சுண்டுவிரலை எடுத்தாங்க. செருப்பு கடிச்ச ஒரு சின்னப் புண்ணுல ஆரம்பிச்சது அது. ரிப்போர்ட்டை நான் வீட்டுக்குச் சொல்லல. அன்னைக்கு ராத்திரியே யூடியூப்ல தேடி, அடுத்த நாள் காலையில இருந்து மாவுச்சத்தைக் குறைக்கிறதுன்னு முடிவு பண்ணேன்.

முதல் முயற்சி 9 நாள் தாங்குச்சு. ரெண்டாவது 23 நாள். மூணாவது முயற்சி இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு, 14 மாசமாச்சு. முதல் ரெண்டும் ஏன் உடைஞ்சது, மூணாவது ஏன் நிக்குதுங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல கணக்கு

நாம இன்ஜினியரிங் பசங்க, அதனால அளவுல இருந்து தொடங்குவோம். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவா மாவுச்சத்து எடுத்தா அதைப் பொதுவா 'லோ கார்ப்'னு சொல்றாங்க. கீட்டோ அதுல ஒரு தீவிர வகை, சுமார் 20 முதல் 50 கிராம்தான்.

சாதாரண ஹாஸ்டல் நாள் ஒண்ணைப் பாருங்க. எல்லாம் தோராயம்தான். காலையில நாலு இட்லி, 50 கிராம். மதியம் தட்டு நிறைய சோறு, அதாவது சுமார் 400 கிராம். வெந்த சோறு 100 கிராமுல 28 கிராம் மாவுச்சத்து, ஆக 112. ரெண்டு வேளை சர்க்கரை போட்ட டீ, 30. ரெண்டு பஜ்ஜி, 25. ராத்திரி நாலு சப்பாத்தி, 72. கூட்டிப் பார்த்தா 289. சாம்பார்ல இருக்கிற பருப்பு, குருமாவுல இருக்கிற உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்தா 300 தாண்டிடும். இதுல நீங்க ஒரு ஸ்வீட்கூட சாப்பிடலைங்கிறதைக் கவனிங்க.

"சப்பாத்திக்கு மாறிட்டேன்"னு சொல்ற நண்பர்களுக்கும் இதுதான் பதில். கோதுமையும் மாவுச்சத்துதான். மூணு சப்பாத்தி சாப்பிட்டா, ஒரு சின்னத் தட்டு சோறு சாப்பிட்ட கணக்குக்கு வந்துடும்.

இப்போ நான் சாப்பிடுற நாள். காலையில ரெண்டு முட்டை ஆம்லெட், ஒரு இட்லி, சாம்பார்: 20. மதியம் ஒரு கரண்டி சோறு, பொரியலும் கூட்டும் ரெண்டு மடங்கு, தயிர்: 48. சாயங்காலம் ஒரு கப் சுண்டல்: 25. சர்க்கரை இல்லாத டீ ரெண்டு: 10. ராத்திரி ஒரு சப்பாத்தி, முட்டை அல்லது பனீர், காய்: 28. மொத்தம் 131. அதே மெஸ், அதே மெனு. தட்டுல இருக்கிற விகிதம்தான் மாறியிருக்கு.

நான் செஞ்ச முதல் தப்பு: 20 கிராம்

முதல் முயற்சியில நேரா 20 கிராமுக்குப் போனேன். இட்லி கிடையாது, சோறு கிடையாது, பழம் கிடையாது. மூணாவது நாள் தலைவலி. நாலாவது நாள் ஒர்க்‌ஷாப்ல ஃபைலிங் பண்ணும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒன்பதாவது நாள் நண்பனோட பிறந்தநாள் கேக். அதோட முடிஞ்சுது.

அந்தத் தலைவலிக்குக் காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. நம்ம கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன்ங்கிற வடிவத்துல சில நூறு கிராம் மாவுச்சத்தைச் சேமிச்சு வைக்குது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மாவுச்சத்தை வெட்டினா அந்த இருப்பு கரையும், தண்ணியும் சேர்ந்து போகும். இன்சுலின் குறையுறதால சிறுநீரகம் உப்பையும் அதிகமா வெளியேத்தும். முதல் வாரத்துல எடை சர்ருனு இறங்குறதும், தலை கனக்குறதும் இதனாலதான். இறங்கினதுல பெரும்பகுதி தண்ணி, கொழுப்பு இல்ல. உப்புப் போட்ட மோர், ரசம், நிறையத் தண்ணி, இதெல்லாம் அந்த வாரத்தைக் கடக்க உதவும். முதல் வார எடையைப் பார்த்துத் துள்ளாதீங்க, ரெண்டாவது வாரம் அது நின்னதும் துவண்டும் போகாதீங்க.

இன்னொரு விஷயம். இந்தியர்கள் சாப்பாட்டுல சராசரியா 60 சதவீதத்துக்கு மேல கலோரி மாவுச்சத்துல இருந்துதான் வருது. 2022-ல வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு ஒண்ணு, 18,090 பேரோட உணவுத் தரவை வச்சு, அதைச் சுமார் 50 முதல் 55 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதத்துக்கு ஏத்தினாலே நிலைமை மாறும்னு கணக்குப் போட்டுக் காட்டுச்சு. அதாவது 300-ல இருந்து 250-க்கு வர்றதே ஒரு படி. நேரா 20-க்குக் குதிச்சே ஆகணும்னு யாரும் சொல்லல.

எந்த டயட் பெஸ்ட்?

இந்தக் கேள்விக்கே நாம நிறைய நேரம் செலவழிக்கிறோம். 2005-ல பாஸ்டன்ல 160 பேரை வச்சு அட்கின்ஸ், ஜோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ்னு நாலு டயட்டை ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எடை குறைஞ்ச அளவுக்கும் டயட்டோட பேருக்கும் பெரிசா சம்பந்தமில்ல. யார் எந்த டயட்டை எடுத்தாலும், அதை எவ்வளவு விடாம பிடிச்சாங்கங்கிறதோடதான் சம்பந்தம் இருந்துச்சு. 2018-ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை வச்சு நடந்த ஆய்வுலயும் கொழுப்பைக் குறைச்சவங்களுக்கும் மாவுச்சத்தைக் குறைச்சவங்களுக்கும் ஒரு வருஷ முடிவுல எடையில குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல.

அதனால லோ கார்ப் மட்டும்தான் வழின்னு நான் சொல்ல மாட்டேன். என் பிரச்சினை சர்க்கரைங்கிறதால எனக்கு இது பொருந்துச்சு. எதை எடுத்தாலும், வர்ற மார்ச்லயும் உங்களால அதைச் செய்ய முடியுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

உடையுற இடங்கள் அஞ்சு

ரெண்டு தடவை தோத்த பிறகு, எங்கெல்லாம் உடைஞ்சதுன்னு நோட்டுல எழுதினேன். எல்லாம் ஒரே அஞ்சு இடம்தான். ஒவ்வொண்ணுக்கும் "இது நடந்தா இதைச் செய்வேன்"னு ஒரு வரி முன்கூட்டியே எழுதி வச்சேன். ப்ரோக்ராம்ல இஃப்-எல்ஸ் எழுதுற மாதிரிதான். பசியில நிக்கிற நேரத்துல யோசிச்சு முடிவெடுத்தா நாம தோத்துடுவோம், அதனால யோசனையை வயிறு நிறைஞ்ச நேரத்துலயே முடிச்சு வைக்கணும்.

1. மெஸ் வரிசை. பசியோட நின்னா கை தானா தட்டை நீட்டும். நான் செய்யுறது: முதல்ல பொரியலும் கூட்டும் வாங்கித் தட்டுல பாதியை நிரப்பிடுவேன். அப்புறம் முட்டை. மிச்ச இடத்துலதான் சோறு. பரிமாறுற அண்ணன்கிட்ட "அண்ணா, ஒரு கரண்டி போதும், பொரியல் கொஞ்சம் கூடப் போடுங்க"ன்னு ஒரு வாரம் சொன்னேன். ரெண்டாவது வாரத்துல இருந்து நான் கேக்காமலே அப்படித்தான் போடுறாரு. காயையும் முட்டையையும் முதல்ல சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில சாப்பிட்டா, சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுற வேகமும் குறையும்.

2. டீக்கடை. பஜ்ஜி வாசனையில யாரும் புத்தர் கிடையாது. "சர்க்கரை இல்லாம ஒரு டீ"ங்கிறதைப் பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். பதினோராவது நாள் ஒருத்தன் தன்னோட டீயைக் கொடுத்தப்போ தித்திப்பு திகட்டுச்சு. பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், அவிச்ச கடலை, கலக்கி, ஆஃப்பாயில்னு கடைக்கு ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன். வெறும் கையோட நிக்காதீங்க. கையில ஏதாவது இருந்தா யாரும் "ஏன்டா சாப்பிடல"ன்னு கேக்க மாட்டாங்க.

3. ட்ரீட். பிரியாணிக்கடைக்குப் போய் "நான் டயட்"னு சொல்லி எல்லாருக்கும் மூட் அவுட் பண்ண வேணாம். சிக்கன், முட்டை, தயிர்ப் பச்சடி எனக்கு. ரைஸ்ல பாதி பக்கத்துல இருக்கிறவனுக்கு. இந்த டீலை வேண்டாம்னு சொன்ன நண்பனை நான் இன்னும் பார்க்கல. கூல்டிரிங்ஸ் மட்டும் தொடவே மாட்டேன். 300 மில்லி கோலாவுல 30 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு, அதுல வயிறும் நிறையாது.

4. பரீட்சை ராத்திரி. என்னோட 23-வது நாள் இங்கதான் உடைஞ்சுது. ராத்திரி ஒரு மணி, எம்-3 பேப்பர், கேட்டுக்கு வெளிய பரோட்டா. தூக்கம் குறைஞ்சா பசி கூடும், இனிப்பையும் மாவையும்தான் மனசு தேடும். இப்போ பரீட்சை வாரத்துக்கு முன்னாடியே வறுத்த வேர்க்கடலை கால் கிலோ, நாலு வெள்ளரிக்காய் வாங்கி ரூம்ல வச்சிடுவேன். கீழ இறங்கிப் போகாம இருக்க அது போதும்.

5. வீடு. இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். மாசம் ஒரு தடவை ஊருக்குப் போனா அம்மா இட்லிச் சட்டியோட நிப்பாங்க. "என்னடா ரெண்டோட எழுந்திரிக்கிற? மெலிஞ்சு போயிட்ட"ன்னு கண் கலங்குவாங்க. நாம வேண்டாம்னு சொல்றது சாப்பாட்டை. அவங்க காதுல விழுறது வேற.

மூணு தடவை ஏதேதோ சாக்குச் சொன்னேன். நாலாவது தடவை ரிப்போர்ட்டை எடுத்து டேபிள்ல வச்சேன். அம்மா ஒண்ணும் பேசல. அப்பா கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. "எனக்கு டாக்டர் இதைச் சொன்னப்போ, பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்டா"ன்னு சொல்லிட்டு, அவர் தட்டுல இருந்த ஒரு இட்லியை எடுத்து ஓரமா வச்சாரு. அடுத்த நாள் காலையில அம்மா எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து முட்டைகோஸ் பொரியல் ஒரு சட்டி நிறையச் செஞ்சாங்க.

அதனால சொல்றேன், காரணத்தை வீட்ல சொல்லிடுங்க. எதிர்த்து நின்ன ஆள்தான் அப்புறம் பெரிய துணை.

வழுக்கினா?

வழுக்கும். தீபாவளிக்கு நான் ஆறு அதிரசம் சாப்பிட்டேன். முன்னாடியெல்லாம் ஒரு தடவை தவறினா, "போச்சு, இனி திங்கட்கிழமை பார்த்துக்கலாம்"னு அந்த வாரம் முழுக்கத் தின்னுவேன். நஷ்டம் அந்த அதிரசத்துல இல்ல, திங்கட்கிழமை வரைக்கும் இருந்த அஞ்சு நாள்லதான். இப்போ ஒரே விதி: அடுத்த வேளை, வழக்கமான தட்டு. பட்டினி கிடந்து ஈடுகட்டுறதும் கிடையாது.

லண்டன்ல 96 பேரை வச்சுப் பழக்கம் உருவாகுறதை ஆராய்ஞ்சு 2010-ல வெளியிட்டாங்க. ஒரு செயல் தானா வர்றதுக்கு ஆன நாட்களோட நடுமதிப்பு 66. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரைக்கும் ஆகும்னு கணிச்சாங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கலங்கிறதும் அதுல தெரிஞ்சுது. '21 நாள் சேலஞ்ச்' போஸ்டரைப் பார்த்துட்டு 22-வது நாளும் கஷ்டமா இருக்கேன்னு வருத்தப்படாதீங்க.

யார் தனியா ஆரம்பிக்கக் கூடாது?

இதைத் தாண்டிப் போயிடாதீங்க. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க திடீர்னு மாவுச்சத்தைக் குறைச்சா, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தளவை டாக்டர் மாத்தித் தந்த பிறகுதான் தொடங்கணும். சில மாத்திரைகளோட சேர்ந்தா ரத்தத்துல அமிலம் கூடுற அபாயமும் உண்டு. எங்க அப்பாவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் மாத்தினாரு. சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், ஏற்கெனவே சாப்பாட்டைக் கண்டாலே பயமோ குற்ற உணர்ச்சியோ வர்றவங்க, எடை குறைவா இருக்கிறவங்க, நீங்களும் டாக்டரைப் பார்க்காம இதுல இறங்காதீங்க. ஒல்லியா இருக்கிற நண்பன் உங்களைப் பார்த்து ஆரம்பிச்சா தடுங்க.

செலவு

மெஸ் பில்லுக்கு மேல எனக்கு முட்டைக்கும் கடலைக்கும் மாசம் சுமார் 600 ரூபாய் ஆகுது. பஜ்ஜி, கூல்டிரிங்ஸ், நைட் பரோட்டா நின்னதுல அதைவிட அதிகமா மிச்சம். பாதாம் மாவு, கீட்டோ பிஸ்கட்னு விக்கிற எதையும் நான் இதுவரை வாங்கினதில்ல, தேவையும் படல.

போன மாசம் மறுபடி டெஸ்ட் எடுத்தேன். 5.6. கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம், அவ்வளவுதான். ரிப்போர்ட்டை இந்தத் தடவை அன்னைக்கே வாட்ஸ்அப்ல அப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு தம்ஸ்அப் வந்துச்சு. பின்னாடியே அவரோட மதியத் தட்டோட போட்டோ வந்துச்சு, பாதித் தட்டு கீரை.

நாளைக்கு மெஸ் வரிசையில நிக்கும்போது ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாருங்க. பொரியலை முதல்ல வாங்குங்க. வீட்ல யாருக்காவது சுகர் இருந்தா, அடுத்த கேம்ப்ல நீங்களும் ரத்தம் கொடுத்துட்டு வந்துடுங்க.