ஆளுக்கு இரண்டு பெயர். தேடுகிறவர் பாடு திண்டாட்டம்

வெளிமாநிலத்துக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு முதல் தலைவலி, பாரத்தில் இருக்கும் 'சர்நேம்' கட்டம்தான். இனிஷியலைப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்போம். கவுண்டரில் இருப்பவர் விடமாட்டார். கடைசியில் தகப்பனார் பெயர் அங்கே போய் உட்காரும். தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஜனங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்றுதானே நினைக்கிறோம்? கனடாவில் கியூபெக் மாகாணத்து பிரெஞ்சு வம்சத்தாரைக் கேட்டால் கதை வேறு.

1665-ல் பிரான்சிலிருந்து காரிஞான்-சாலியேர் என்ற படை அங்கே போய் இறங்கியது. சுமார் 1,200 சிப்பாய்கள். அவர்களில் ஏறக்குறைய 400 பேர் ஊர் திரும்பாமல் அங்கேயே குடியேறிவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்க்குப் பட்டப்பெயர் உண்டு. ஒருவன் 'லாஃப்ளேர்', அதாவது பூ. இன்னொருவன் 'சான்சூசி', கவலையற்றவன். பட்டாளத்தை விட்ட பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. சொந்தப் பெயருக்கும் அதற்கும் நடுவே 'தி' என்ற ஒரு சொல்லைப் போட்டு எழுதினார்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் 'முனுசாமி என்கிற சின்னத்தம்பி' என்று எழுதுவார்களே, அதே 'என்கிற'தான். சிப்பாய் அல்லாத குடும்பங்களிலும் இது பரவியது.

சிக்கல் பேரன் காலத்தில் வந்தது. அண்ணன் பழைய பெயரை வைத்துக்கொள்வான். தம்பி பட்டப்பெயரோடு நிற்பான். ஒரே பாட்டன் பேரர்கள் இரண்டு பெயரில் பிரிந்தார்கள். உறவே இல்லாதவர்கள் ஒரே 'லாஃப்ளேர்' ஆனார்கள்.

இந்தக் குழப்பத்தில் வழிகாட்டுவது பெண்கள் பெயர்தான். மாதா கோவில் பதிவேட்டில் கல்யாணமான பெண்ணையும், இறந்துபோனவளையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பாதிரியார் எழுதினார். ஊரார் வாயில் அவள் இன்னாருடைய மனைவி; ஏட்டிலோ தகப்பன் வீட்டுப் பெயர்தான். கல்யாணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோர் பெயரும் வழக்கமாக இருக்கும். ஒரு கல்யாணத்தைக் கண்டுபிடித்தால் முந்தைய கல்யாணத்துக்கு ஏணி கிடைக்கும். 1871 முதல் 1890 வரை சிப்ரியன் தாங்கே என்ற பாதிரியார் இந்த ஏடுகளைத் துருவி ஏழு பாகங்களில் வம்சாவளி அகராதியே போட்டார். 1981 முதல் கியூபெக் சட்டப்படியும், கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்குத் தன் பெயர்தான்.

அடுத்த அடி பிழைப்பால் விழுந்தது. 1840-க்கும் 1930-க்கும் இடையே சுமார் ஒன்பது லட்சம் பேர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனார்கள். பஞ்சாலைகளில் வேலை. அங்கே 'ருவா' என்பவர் 'கிங்' ஆனார். 'பச்சை மரம்' என்று பொருள்படும் 'புவாவேர்', 'கிரீன்வுட்' ஆகிவிட்டார். இதற்கு யாரைக் குறை சொல்வது? மேஸ்திரி வாயில் நுழைகிற பெயர் இருந்தால்தானே கூப்பிடுவான்.

அப்படி ஆலை நகரமான லோவெல்லுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் 1922-ல் பிறந்தவர்தான் எழுத்தாளர் ஜாக் கெருவாக். தம் முன்னோர் பிரபு வம்சம் என்று கேட்டு வளர்ந்தவர். 1965-ல் அதைத் தேடி பிரான்சுக்கே போனார். பாரிஸ் தேசிய நூலகத்திலும் பிரெஸ்ட் நகரிலும் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். அந்த அலைச்சலையே மறு ஆண்டு ஒரு புத்தகமாக்கினார். 1969-ல் காலமானார்.

விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டு ஆயிற்று. கனடாவுக்கு முதலில் வந்த அந்த மூதாதை பிரபு அல்ல. பிரிட்டானியில் ஹுவெல்கோவா ஊர் நோட்டரியின் மகன். கனடாவில் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லி வாழ்ந்தவர், 1732-ல் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். 'கெருவாக்' என்பது குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்ட இடப்பெயர். பிரான்சில் அந்தக் குடும்பத்தின் பெயர் லெ பிஹான்.